கழிவுக்கும் ஒரு விலை

வெட்டுத் துணியில் போர்வை தைக்க நினைப்பவருக்கு முதல் சிக்கல் ஊசியும் நூலும் அல்ல, துணிதான். தங்கம் தோண்டிய ஊரிலிருந்து ஒரு கணக்கு

விடியலுக்கு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் என்று கோலார் தங்கவயலின் பல பகுதிகளிலிருந்தும் வரும் இவர்கள் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டதிலிருந்து ஊரின் பிழைப்பில் பெரும் பங்கு இந்த ரயிலில்தான் ஓடுகிறது. கட்டட வேலை, காவல் வேலை, கடை வேலை என்று பலவும் உண்டு. பெண்களில் கணிசமானோருக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. காலர் தைப்பவர், கைப்பகுதி இணைப்பவர், பித்தான் துளை போடுபவர் என்று ஒரு சட்டையைப் பல கைகள் பங்கு போட்டுக்கொள்ளும் வேலை அது.

இந்த ஊருக்குக் கழிவு என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-ல் வந்ததிலிருந்து பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டி, பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய தூள், ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறக் குன்றுகளாக நிற்கிறது. சயனைடு மேடு என்பது ஊர்ப் பெயர். காற்றடித்தால் வீட்டுக்குள் வந்து படியும் அந்தத் தூளைப் பல பத்தாண்டுகளாகச் சபித்தே பழகிவிட்டார்கள். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அப்படிப்பட்ட 13 மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்தது. அவற்றில் உள்ள மண் 3 கோடி டன்னுக்கும் மேல். குப்பை என்று விட்டுப்போனதற்கு விலை வந்துவிட்டது.

துணிக் கழிவின் கதையும் ஏறத்தாழ இதுதான். மேசையில் நூறு அடுக்குத் துணியை விரித்து மின்கத்தியால் சட்டை வெட்டும்போது, ஒரு வடிவத்துக்கும் அடுத்த வடிவத்துக்கும் நடுவில் விழும் துண்டுகள் மொத்தத் துணியில் 15 சதவீதம் வரை இருக்கும் என்பது தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நூறு மீட்டர் வெட்டினால் பதினைந்து மீட்டர் சட்டையாவதில்லை. அந்தப் பதினைந்து மீட்டரும் புதுத் துணி. சாயம் போகாதது, கிழியாதது. துண்டுத் துணியில் போர்வையோ சுவர்ச்சீலையோ தைக்க விரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல சரக்கு வேண்டியதில்லை. ஆனால் அதைத் தைக்கும் பெண்கள் ஒரு துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்துவர முடியாது. வேலை முடிந்து வெளியேறும்போது வாசலில் பைச் சோதனை என்பது இத்தொழிலில் சர்வசாதாரணம். சுரங்கத்திலிருந்து மேலே வரும் தொழிலாளியைத் தடவிப் பார்த்து வெளியே விட்டார்கள் அன்று. அவர்களுடைய பேத்திகளுக்கும் சோதனை விடவில்லை.

துணிக்கு இவ்வளவு காவல் ஏன் என்றால், கழிவை எடை போட்டு வாங்க ஒப்பந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள். வெள்ளைத் துண்டு தனி, நிறத் துண்டு தனி, பருத்தி தனி, கலப்பு தனி என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. திருப்பூரில் இது இன்னும் பெரிய வியாபாரம். அங்கு விழும் பனியன் துண்டுகளை இயந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் எனப்படும் நூற்பாலைகளில் மறுபடி நூலாக்குகிறார்கள். சிவப்புத் துண்டுகளை மட்டும் சேர்த்துப் பிய்த்தால் சிவப்பு நூல் வந்துவிடும். சாயப்பட்டறைக்குப் போக வேண்டியதில்லை, நொய்யல் ஆற்றுக்கும் ஒரு பாரம் குறைவு. அந்த நூல் போர்வையாகவும் கால்மிதியாகவும் மலிவு விலை லுங்கியாகவும் திரும்பி வருகிறது. மிச்சம் இயந்திரம் துடைக்கும் வேஸ்ட் துணியாக லேத் பட்டறைகளுக்குப் போகிறது. சுற்றுச்சூழலுக்கு எல்லாம் நல்லதுதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து கால் கிலோ துண்டு கேட்பவர், டன் கணக்கில் கேட்கும் ஆலையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் ஆண்டர்சன்பேட்டையில் ஒருவர் போர்வை தைக்க வேண்டுமென்றால் துணிக்கு எங்கே போவது?

தெருமுனைத் தையல்கடைதான் முதல் இடம். எந்தத் தையல்கடையிலும் மேசைக்கு அடியில் ஒரு மூட்டை இருக்கும். ஜாக்கெட் வெட்டிய மிச்சம், சுடிதார் ஓரம், லைனிங் துணி எல்லாம் அதில் கிடக்கும். தூக்கிப் போடச் சோம்பல்பட்டே பல கடைக்காரர்கள் வைத்திருப்பது. தினமும் கடையைக் கூட்டும்போது குப்பையோடு சேர்ந்துவிடாமல் ஒரு வெற்றுப் பையை முன்கூட்டியே கொடுத்துவைத்தால் போதும், வாரத்துக்கு ஒருமுறை நிறைந்திருக்கும். ஜாக்கெட் துண்டு அகலம் குறைவு, ஆனால் நிறத்துக்குப் பஞ்சமில்லை. பட்டு ஜாக்கெட்டிலிருந்து விழும் விரல் அகலத் துண்டுகள் போர்வைக்கு உதவாது. துணியில் படம் செய்பவர்களுக்கு அவைதான் பொக்கிஷம்.

இரண்டாவது, வீட்டுப் பெட்டி. பழைய பருத்திப் புடவையைப் போன்ற சரக்கை எந்த ஆலையும் செய்து தர முடியாது. இருபது வருடம் துவைத்த துணிக்கு வரும் மென்மை புதுத் துணிக்கு வராது. ஐந்தரை மீட்டர் புடவையை நடுவில் வெட்டி இரண்டு பாதிகளையும் பக்கவாட்டில் இணைத்தால் ஏறத்தாழ 2.75 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். ஒருவர் போர்த்தும் போர்வைக்கு அடித்துணி போக மிச்சமும் விழும். உள்ளே வைக்கப் பஞ்சு வாங்க வேண்டியதில்லை. கிழிந்த படுக்கை விரிப்பு, நைந்த துண்டு, இன்னொரு புடவை என்று இரண்டு மூன்று அடுக்கு போதும். நூலுக்கும் ஒரு வழி உண்டு. வங்காளத்தில் காந்தா தைத்த பெண்கள், புடவைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவி அதைக் கொண்டே தைத்தார்கள்.

இந்தப் புடவைகளுக்கும் வெளியே போட்டி இருக்கிறது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று கூவிக்கொண்டு வருபவர், இரண்டு புடவையும் ஒரு பேண்ட்டும் வாங்கிக்கொண்டு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போவார். போர்வை தைப்பவர் வீட்டில் அந்தக் கிண்ணத்தின் விலையையும் துணிக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

மூன்றாவது, கிலோ கணக்கில் துண்டுத் துணி விற்கும் கடைகள். பெங்களூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஏற்றுமதி மிச்சத்தை எடை போட்டு விற்கிறார்கள். இங்கேதான் கண் வேண்டும். சட்டைத் துணி ஒரு சதுர மீட்டர் 110 முதல் 130 கிராம் வரை இருக்கும். ஒரு கிலோ வாங்கினால் சுமார் 8 சதுர மீட்டர். இரண்டே கால் மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள போர்வையின் மேல்பக்கம் 3.4 சதுர மீட்டர்தான். அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும் என்று தோன்றும். முடியாது. நான்கு அங்குலச் சதுரமாக வெட்டி, பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், துணியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மடிப்புக்குள் மறைந்துவிடும். இரண்டு அங்குலச் சதுரம் என்றால் பாதிக்குச் சற்றுக் குறைவாக மறையும். பொடித் துண்டுகளை இலவசமாக வாங்கி வருபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். துண்டு சிறுக்கச் சிறுக்கத் துணிச் செலவும் நூல் செலவும் கண் வலியும் ஏறும்.

பனியன் துணியையும் சட்டைத் துணியையும் ஒரே போர்வையில் இணைக்கக் கூடாது. பனியன் இழுபடும், மற்றது இழுபடாது. முதல் துவையலில் போர்வை சுருண்டுகொள்ளும். பனியனை உள்ளே வைக்கலாம், நாடாவாகக் கிழித்துப் பின்னிக் கால்மிதி செய்யலாம். ஜீன்ஸ் துணி பைக்கும் திண்டு உறைக்கும் நல்லது. போர்வையில் சேர்த்தால் கனம் தாங்காது. எல்லாவற்றையும் தைக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்து அலச வேண்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுவதில் பெயர் போனவை. பருத்தியா, பாலியெஸ்டரா என்ற சந்தேகத்துக்குப் பழைய சோதனைதான்: ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால், பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கருமணியாக உறையும்.

பாலியெஸ்டர்தான் இன்றைய பெரிய தலைவலி. வீட்டுப் பெட்டிகளில் பருத்திப் புடவை குறைந்துகொண்டே வருகிறது. செயற்கை இழைப் புடவை கிழிவதில்லை, சாயம் போவதில்லை. போர்த்தினால் வியர்வையை உறிஞ்சுவதும் இல்லை, ஊசிக்கு வழுக்கும். பாட்டி கட்டிய புடவையில் போர்வை தைக்கலாம். அம்மா கட்டியதில் தைப்பது சிரமம். கைவினை பற்றிய பேச்சில் திறமை அழிகிறது என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சரக்கு அழிவதைக் கவனிப்பவர்கள் குறைவு.

துண்டுத் துணிப் போர்வையை ஒரு கலையாக உலகுக்குக் காட்டியவர்களைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. அவர்கள் இதே கர்நாடகத்தில்தான் இருக்கிறார்கள். வடகன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரக் காட்டோரச் சிற்றூர்களில் வாழும் சித்திகள், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் வேலைக்காரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர்கள் என்று மூன்று மதத்திலும் இருக்கிறார்கள். கர்நாடக சித்திகள் 2003-ல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். சித்திப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர்.

கவந்தியில் முதலில் துண்டுகளை இணைத்து மேல்துணி செய்துகொள்வதில்லை. பழைய புடவை ஒன்றை அடியில் விரித்து, ஒரு மூலையிலிருந்து துண்டுகளை நேரடியாக அதன்மேல் வைத்து, ஓரத்தை மடித்துத் தடித்த பருத்தி நூலால் ஓட்டுத் தையல் போட்டபடி போர்வையைச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். முன்கூட்டி அளவெடுப்பது கிடையாது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்பது கைக்குத் தெரியும். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கித் தைப்பதற்குப் பூ என்று பொருள்படும் பூலா என்று பெயர். பூலா இல்லாத கவந்தி ஆடையில்லாத உடம்பு மாதிரி என்பது அவர்கள் எண்ணம். நடுவில் கடைசித் துண்டை மூடுவதற்கு முன் உள்ளே சில அரிசி மணிகளைப் போடும் வழக்கமும் உண்டு. போர்வைக்கும் வயிறு நிறைய வேண்டுமாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் இவற்றை ஆராய்ந்து எழுத, 2011-ல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் கவந்திகள் கண்காட்சிக்கு வைக்கப்பட்டன. மழைக்காலத்தில் குழந்தைகள் சுருட்டிக்கொண்டு தூங்கத் தைத்தவை சுவரில் ஏறின.

அளவெடுக்காத இந்த முறைதான் சிக்கனத்தின் ரகசியம். சதுரமாகவோ ஒரே அளவாகவோ வெட்டத் தேவையில்லாததால் வெட்டிய துணியை மறுபடி வெட்டி வீணாக்குவதில்லை. தையல்கடை மூட்டையிலிருந்து வரும் கோணல் துண்டுகளுக்கு ஏற்ற முறை வேறில்லை. கர்நாடகத்தின் வட மாவட்டங்களில் கௌதி என்ற பெயரில் இதன் உறவுக்காரப் போர்வை ஒன்று உண்டு. பழைய துணியை வீட்டுக்காரர் கொடுக்க, கூலிக்கோ தானியத்துக்கோ வீடுவீடாக வந்து தைத்துத் தந்த பெண்கள் இருந்தார்கள். தமிழர்களுக்கும் துணி வெட்டி ஒட்டும் கலை அந்நியமல்ல. தஞ்சை வட்டாரத்தில் தேரில் தொங்கும் தொம்பைகளும் கோயில் தோரணங்களும் வண்ணத் துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்தவைதான். அது சாமிக்கு, படுக்கைக்குத் தைத்ததற்கு நாம் வைத்த பெயர் கந்தை. வடமொழிக் கந்தா வங்காளத்தில் கலைப்பொருளின் பெயராகி விமானமேற, தமிழில் ஏழ்மையின் பெயராகவே நின்றுவிட்டது.

கோலார் தங்கவயலில் கந்தைக்கு வேறொரு மரியாதையும் உண்டு. அயோத்திதாசர் தொடங்கிய பௌத்த சங்கத்தின் கிளைகளில் பேர்பெற்ற ஒன்று மாரிக்குப்பத்தில் இருந்தது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் இன்றும் பௌத்தர்கள் இருக்கிறார்கள். பிக்குவின் சீவரம் வெட்டித் தைத்த ஒட்டுத்துணிதான். மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் பார்த்து அந்த மாதிரியே தைக்கும்படி புத்தர் ஆனந்தருக்குச் சொன்னதாக விநய பிடகம் கூறுகிறது. அதே நூலில் இன்னொரு செய்தி: ஐந்நூறு ஆடைகளைக் கொடையாக வாங்கிய ஆனந்தரிடம், இத்தனையையும் என்ன செய்வீர்கள் என்று உதயண மன்னன் கேட்கிறான். கிழிந்த சீவரம் உள்ளவர்களுக்குக் கொடுப்போம் என்கிறார் அவர். பழையதை? மேல்விரிப்பாக்குவோம். அது பழசானால் மெத்தை உறை, அதன் பிறகு தரைவிரிப்பு, பிறகு கால்மிதி, பிறகு தூசித் துணி. கடைசியில் நறுக்கி மண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம். மறுசுழற்சி பற்றி இன்று கருத்தரங்கு நடத்துபவர்கள் இதில் சேர்க்க அதிகம் இருக்காது.

சுரங்க ஊருக்கு இன்னும் நெருக்கமான கதை அமெரிக்காவில் இருக்கிறது. அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து சுற்றும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், பருத்திப் பண்ணை அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வேலை உடுப்புகளைக் கிழித்துப் போர்வை தைத்தார்கள். முழங்கால் தேய்ந்த கால்சட்டை, வெயிலில் வெளிறிய சட்டை, மாவு மூட்டை எதுவும் தப்பவில்லை. 1942-ல் கணவனை இழந்த மிசௌரி பெட்வே, அவர் வேலைக்குப் போட்டுக்கொண்டிருந்த துணிகளையே வெட்டி ஒரு போர்வை தைத்துப் போர்த்திக்கொண்டார். சிலிக்கோசிஸ் என்ற சுரங்கத் தூசி நோய்க்கும் பாறை வெடிப்புக்கும் ஆண்களைப் பறிகொடுத்த ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

1972-ல் சியர்ஸ் என்ற பெரிய கடை அந்த வட்டாரத்துப் பெண்கள் கூட்டுறவுக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலையைத் தந்தது. உறைகள் கடைக்குப் போயின. வெட்டி விழுந்த துண்டுகள் வீட்டுக்கு வந்து, பிற்பாடு புகழ்பெற்ற போர்வைகளாயின. பெங்களூர் தொழிற்சாலை வாசலோடு ஒப்பிட்டால் அந்தப் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள். 2002-ல் ஹூஸ்டன் கலைக்கூடத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்திலும் போர்வைகள் வைக்கப்பட, 2006-ல் அமெரிக்க அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. விலை வந்ததும் தகராறும் வந்தது. போர்வைகளையும் அவற்றின் வடிவங்களையும் விற்ற பணத்தில் தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று மூன்று பெண்கள் 2007-ல் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு சமரசமாயிற்று.

இந்தியாவில் இதே கேள்விக்கு வெவ்வேறு விடைகள் கிடைத்திருக்கின்றன. அன்ஷு குப்தா 1999-ல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, நகரத்துப் பழைய துணியைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்வதோடு, உடுத்த உதவாத துண்டுகளைச் சுஜனி என்ற விரிப்பாகத் தைக்க வைக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, புதுச்சேரி அருகே ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் உபாசனா கூடம், மீனவப் பெண்களுக்கு ஆடைத் தொழிலின் மிச்சத் துண்டுகளைக் கொடுத்துச் சுனாமிகா என்ற சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுத்தந்தது. பெண்களுக்குக் கூலி உண்டு, பொம்மைக்கு விலை கிடையாது. அன்பளிப்பாகவே கொடுக்கப்பட்டு, நன்கொடையில் நடந்தது. விரல் நீளப் பொம்மைக்குக் கைப்பிடித் துணிகூட வேண்டாம் என்பதால் பொடித் துண்டுகளுக்கு அதைவிடப் பொருத்தமான பயன் கண்டுபிடிப்பது கடினம்.

போர்வை அப்படியல்ல. துணி இலவசமாகவே கிடைத்தாலும், கையால் தைத்தால் நாள் கணக்கில் உட்கார வேண்டும். அந்த உழைப்பைக் கூலியாக்கிப் பார்த்தால், தெருவில் தோளில் சுமந்து விற்கும் பாலியெஸ்டர் கம்பளியோடு விலையில் மோதவே முடியாது. பழைய கம்பளியைப் பிய்த்துப் போர்வை நெய்து பெயர்வாங்கிய பானிப்பட் நகரத்து ஆலைகளே அந்தப் பஞ்சுமெத்தென்ற கம்பளிக்கு மாறிக்கொண்டிருக்கும்போது கைத்தையல் எம்மாத்திரம்? ஆகவே விற்பதற்குத் தைப்பவர் கண்காட்சிக்கும் பெருநகரக் கடைக்கும் போகும் தரத்தில் தைத்தாக வேண்டும். ஆண்டர்சன்பேட்டைப் பெண்களுக்கு அதில் ஒரு சாதகம் உண்டு. ஏற்றுமதித் தரத்துக்குத் தைத்துப் பழகிய கைகள் அவை. கால் அங்குலம் என்றால் கால் அங்குலமாகத்தான் இருக்கும். பாதகம், அந்தக் கைகளுக்கு மாலையில் மிஞ்சும் நேரம். விடியற்காலை ரயிலைப் பிடித்து, இரவு வந்து உலை வைப்பவருக்குப் போர்வை தைக்க ஞாயிற்றுக்கிழமைதான் உண்டு, அதுவும் துணி துவைத்த பிறகு.

தொழிற்சாலைகள் மனம் வைத்தால் ஒரு காரியம் செய்யலாம். வெட்டு மேசைக் கழிவில் ஒரு சிறு பங்கை, ஒப்பந்தக்காரருக்குத் தரும் அதே கிலோ விலைக்குத் தங்கள் தொழிலாளிகளின் குழுக்களுக்கு விற்கலாம். தானம் தேவையில்லை. அதுவரை ஊர்த் தையல்கடைகளைத்தான் நம்ப வேண்டும். அந்த மூட்டைகள் நிறைவதற்கும் ஒரு பருவம் இருக்கிறது. ஐப்பசியில் தீபாவளி, டிசம்பரில் கிறிஸ்துமஸ். தேவாலயங்கள் நிறைந்த தங்கவயலில் இரண்டுக்கும் தையல்காரர்கள் இரவெல்லாம் விழித்துத் தைப்பார்கள். கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊரில் மார்கழிக் குளிர் கடுமையாக இறங்கும்போது மேசைக்கடியில் மூட்டை வாய் பிதுங்கிக் கிடக்கும். பையோடு போக அதுவே நல்ல சமயம்.